சுத்த ஈயம்தான்... ஆனால், எந்த ஈயம்?

"அண்ணே, இது சுத்த ஈயம்தானே? கலப்படம் எதுவும் இருக்காதே?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க... நூத்துக்கு நூறு ஈயம்மா. தலைமுறைக்கும் வரும். கூட வந்திருக்காங்களே அம்மா, அவங்களைக் கேட்டுப் பாருங்க. ஈயச் சொம்பு ரசத்தோட ருசி அவங்களுக்குத்தான் தெரியும்."

தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் பாத்திரக் கடையிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. மருமகள் கேட்டது சரியான கேள்வி. கடைக்காரர் சொன்னதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், 'ஈயம்' என்ற ஒரே சொல்லில் இரண்டு உலோகங்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

ஒன்று வெள்ளீயம். ஆங்கிலத்தில் டின். ரசச் சொம்பு செய்வதும், பித்தளை அண்டாவுக்குள் பூசுவதும் இதைத்தான். இன்னொன்று காரீயம். ஆங்கிலத்தில் லெட். மீன் வலையின் அடியில் கட்டும் குண்டு, இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் இருக்கும் தட்டு எல்லாம் இது. முதலாவது சமையலுக்கு ஏற்றது. இரண்டாவது, குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் விஷம். பேச்சு வழக்கில் இரண்டுமே 'ஈயம்'தான். பள்ளிக்கூடத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைவீதிக்கு வந்ததும் நாம் மறந்துவிட்டோம். (பென்சிலுக்குள் இருப்பது காரீயம் என்பதும் பலர் மனதில் பதிந்த தவறு. அது கிராஃபைட். பிள்ளை பென்சிலைக் கடித்தால் பதற வேண்டாம்.)

ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்ததாம் என்று சொல்வார்கள். உண்மையில் வெள்ளீயம் பித்தளையைவிடப் பல மடங்கு விலை அதிகம். காரீயமோ வெள்ளீயத்தோடு ஒப்பிட்டால் மிக மலிவு. கலப்படத்துக்கான காரணம் இந்த விலை வித்தியாசத்திலேயே தொடங்கிவிடுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் 327 டிகிரியில். ஆனால், மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான வெள்ளீயத்தோடு மீதிக்குக் காரீயம் சேர்த்தால், அந்தக் கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். ரேடியோ ரிப்பேர் கடைகளில் பற்றவைக்கப் பயன்பட்ட பழைய சால்டர் கம்பி இந்தக் கலவைதான். விலையும் குறைவு, வேலையும் சுலபம் என்றால் ஒரு சிலருக்காவது ஆசை வரத்தானே செய்யும்?

இந்தக் கலவையில் செய்த சொம்பில் புளிக்கரைசலை ஊற்றிக் கொதிக்கவிட்டால் என்ன நடக்கும்? புளியிலும் தக்காளியிலும் உள்ள அமிலம் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கும். வாசனை வராது, நிறம் மாறாது. வாந்தி பேதி என்று உடனடியாக எதுவும் வராது என்பதுதான் பெரிய ஆபத்து. உணவு கெட்டிருந்தால் மூக்கு சொல்லிவிடும். காரீயத்தை மூக்கும் நாக்கும் காட்டிக்கொடுக்காது. பழைய ரோமானியர்கள் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் காய்ச்சி, அதில் ஏறிய இனிப்பை ரசித்துக் குடித்தார்கள். காரீயமும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் உப்பு இனிக்கும் என்பதுதான் அந்த ருசியின் ரகசியம்.

கால்சியம் வேஷத்தில் உள்ளே போகும் திருடன்

காரீயத்தால் உடலுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆனாலும், உடல் அதைக் கதவைத் திறந்து வரவேற்கிறது. காரணம், நம் செல்களின் கண்ணுக்கு அது கால்சியம் போலத் தெரிகிறது. கால்சியம் போகும் வழியெல்லாம் போகிறது, எலும்பில் உட்கார்ந்துகொள்கிறது, வளரும் மூளையில், நரம்புகள் ஒன்றோடொன்று பேசும் இடத்தில் புகுந்து குழப்புகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் உருவாவதையும் தடுக்கிறது.

வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் பெரியவர்களின் உடல் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக உள்ள பிள்ளைகள் இன்னும் அதிகமாக உறிஞ்சுவார்கள். ரத்தசோகை பரவலாக உள்ள நம் ஊரில் இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கலாம்.

எலும்பில் தங்கிய காரீயம் அங்கே பல பத்தாண்டுகள் இருக்கும். பெண்ணின் உடலில் அது வெளியே வரும் நேரம் மிக மோசமானது. கர்ப்பகாலத்தில் சிசுவின் வளர்ச்சிக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து இறங்கும்போது, கூடவே காரீயமும் இறங்குகிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது. சின்ன வயதில் அம்மாவின் உடலுக்குள் போனது, இருபது வருடம் கழித்துக் குழந்தையைத் தொடுகிறது.

இதற்குப் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கண்டறியப்படவே இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 80 கோடி குழந்தைகளின் ரத்தத்தில் இந்த அளவைத் தாண்டிக் காரீயம் இருப்பதாகக் கணக்கிட்டது. அதில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகள் இந்தியாவில்.

ஒரு காலத்தில் இதில் பெரும்பங்கு பெட்ரோல் புகையிலிருந்து வந்தது. என்ஜின் தட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் காரீயம் கலந்தார்கள். 1990-களின் கடைசியில் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் நடத்திய ஆய்வில், சோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் ரத்தத்தில் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அந்த ஆய்வோடு இணைந்து பணியாற்றிய பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ், அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் இதையே பேசிக்கொண்டிருந்தார். 2000-ல் நாடு முழுக்கக் காரீயம் இல்லாத பெட்ரோல் வந்தது. தெருவில் இருந்த ஆபத்து குறைந்தது. வீட்டுக்குள் இருப்பதைத்தான் இன்னும் முழுதாகக் கவனிக்கவில்லை.

மஞ்சள் ஏன் அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது?

மஞ்சள் கிழங்கை வேகவைத்து, காயவைத்து, டிரம்மில் போட்டுச் சுற்றி பாலிஷ் செய்வார்கள். ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. மழையில் நனைந்தோ, பூச்சி அரித்தோ நிறம் மங்கிய கிழங்கை இந்தப் பாலிஷ் கட்டத்தில் 'சரிசெய்ய' ஒரு குறுக்குவழி உண்டு. லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறப்பொடியைத் தூவிச் சுற்றினால் கிழங்கு தங்கம்போல மின்னும். பெயின்ட்டுக்கு நிறம் தரும் பொடி அது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசம் ஒரு பாடப்புத்தகம். அங்கே கிராமங்களில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் அதிகம் இருந்தது. அருகில் பேட்டரி பட்டறை இல்லை, பெரிய தொழிற்சாலை இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் டாக்காவின் ஐ.சி.டி.டி.ஆர்.பி நிறுவனத்தினரும் வீடு வீடாக ஒவ்வொரு பொருளாகச் சோதித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் குற்றவாளி சமையலறை அஞ்சறைப்பெட்டியில் இருந்தது. ரத்தத்தில் இருந்த காரீயத்தின் அணு அமைப்பும், மஞ்சளில் கலந்த நிறப்பொடியின் அணு அமைப்பும் ஒத்துப்போயின.

இந்த ஆய்வு முடிவு 2019-ல் வெளிவந்ததும் அந்த நாட்டு அரசு தாமதிக்கவில்லை. மொத்த விற்பனைச் சந்தையில் கையடக்கக் கருவியோடு ரெய்டு, கலப்பட மஞ்சள் வைத்திருந்தவர்களுக்கு அங்கேயே அபராதம், பத்திரிகை, டி.வி-யில் செய்தி, சந்தைகளில் நோட்டீஸ். 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவிகிதத்தில் இருந்த கலப்படம், 2021-ல் பூஜ்யத்துக்கு இறங்கியது. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் காரீயம் குறைந்தது. இரண்டே வருடம்!

நம் நாட்டில் இது இல்லை என்று சொல்ல முடியாது. 2024-ல் வெளியான தெற்காசிய ஆய்வில், பாட்னாவில் வாங்கிய மஞ்சளில் ஒரு கிராமுக்கு 1,000 மைக்ரோகிராமைத் தாண்டிக் காரீயம் இருந்தது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மஞ்சளுக்கு வைத்திருக்கும் வரம்பு கிராமுக்கு 10.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனையை இந்த ஆணையமே சொல்லியிருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முழு மஞ்சள் கிழங்கைப் போடுங்கள். நல்ல கிழங்கு நிறம் விடாது. போட்டவுடனே தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானால் சந்தேகப்பட வேண்டும். இது கிழங்குக்கான சோதனை, தூளுக்குப் பொருந்தாது. கொஞ்சம் மங்கலாக, சுருக்கத்தோடு இருக்கும் கிழங்கைப் பார்த்து வாங்கி, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் நல்லது.

குங்குமத்துக்கும் இதே கதை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் அசல் குங்குமத்தில் பயமில்லை. மலிவான செந்தூரப் பொடிகளில் சிவப்பு நிறத்துக்காகக் காரீய ஆக்ஸைடு சேர்க்கப்படுவது உண்டு. 'சுர்மா' வகைக் கண் மையின் மூலப்பொருளே பல இடங்களில் காரீயத் தாதுதான். கைக்குழந்தைக்கு மை தீட்டினால் அது கண்ணோடு நிற்காது. கண்ணைக் கசக்கிய விரல் அடுத்து போவது வாய்க்குத்தானே!

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது...

மார்கழி கடைசியில் வீடு வீடாக நடக்கும் வேலை இது. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் பிரச்னை இல்லை. கதவு, ஜன்னல் கம்பி, இரும்புக் கட்டில், தொட்டில் ஆகியவற்றில் பல வருடங்களாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும் எனாமல் பெயின்ட்தான் கவனிக்க வேண்டியது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் காரீயம் அதிகம் இருப்பது வழக்கம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் இன்னும் உங்கள் ஜன்னலில்தான் இருக்கிறது.

ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. புதுப் பெயின்ட் பிடிக்க வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் ஆபத்து தூசியாகப் பறக்கிறது. தவழும் குழந்தை அந்தத் தரையில் கையை வைத்து, அதே கையை வாயில் வைக்கும். ஆகவே, காய்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் கர்ப்பிணியும் குழந்தைகளும் பக்கத்து வீட்டிலோ, ஊரிலோ இருக்கட்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி எழும்பும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடலாம். இரும்புக் கம்பிக்கு 'பிரைமர்' அடிக்கும்போது ரெட் ஆக்ஸைடு வேறு, ரெட் லெட் வேறு என்பதையும் பெயின்டரிடம் ஞாபகப்படுத்துங்கள். இரண்டும் சிவப்பாகத்தான் இருக்கும். முதலாவது இரும்பு, இரண்டாவது காரீயம்.

உலகில் வெட்டியெடுத்தும் மறுசுழற்சி செய்தும் கிடைக்கும் காரீயத்தில் முக்கால் பங்குக்கும் மேல் போவது பேட்டரிக்கு. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போனதும், கூடுதலாக நூறு இருநூறு தருகிறார் என்பதற்காகப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் போட்டுவிடுகிறோம். அது ஏதோ ஒரு கொட்டகையில் சம்மட்டியால் உடைக்கப்பட்டு, திறந்த அடுப்பில் உருகுகிறது. உருக்குபவரின் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிய தூசி, சாயங்காலம் அவர் பிள்ளையைத் தூக்கும்போது பிள்ளை மீது ஒட்டுகிறது. 2022-ல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகள் முறையாகத் திரும்பச் சேர்வது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொள்வது நல்லது. பேட்டரி பட்டறை, வெல்டிங், பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் குளித்து, உடை மாற்றிய பிறகு குழந்தையைத் தொடுவதும், வேலை உடுப்பைத் தனியே துவைப்பதும் அவசியம். வலைக்கான ஈயக் குண்டை வீட்டு அடுப்பில் உருக்கி வார்ப்பவர்கள், அந்த அடுப்பைச் சமையல்கட்டிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்விட வேண்டும். குண்டுகளைப் பிள்ளைகள் விளையாட எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாத்திரங்களில் இன்னொன்றும் உண்டு. கழிவு உலோகங்களை உருக்கி வார்க்கும் மலிவு ரக அலுமினியம், இண்டாலியம் பாத்திரங்கள். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் குடியேறிய ஆப்கன் குடும்பங்களின் குழந்தைகளுக்குக் காரீயம் அதிகம் இருந்ததை விசாரித்தபோது, அவர்கள் கொண்டுவந்த அலுமினியப் பாத்திரங்களும் குற்றவாளிப் பட்டியலில் வந்தன. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இந்தியாவில் தயாரான ஒரு ரகத்தைச் சொல்லியே, அலுமினியம், பித்தளை, இண்டாலியம் சமையல் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து காரீயம் உணவில் இறங்கலாம் என்று எச்சரித்தது. குழம்புக்கும் ரசத்துக்கும் எவர்சில்வர், மண்சட்டி போதும். மண்சட்டியிலும் உள்ளே பளபளவென்று கிளேஸ் பூசியது வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை வேண்டுமா?

எல்லோரும் நாளைக்கே ஓட வேண்டியதில்லை. வீட்டில் யாராவது பேட்டரி, சால்டரிங், பெயின்ட் தொழிலில் இருந்தாலோ, அருகில் உருக்கும் பட்டறை இருந்தாலோ, குழந்தை மண், சுவர்ப் பெயின்ட் போன்றவற்றைத் தின்னும் பழக்கத்தில் இருந்தாலோ டாக்டரிடம் சொல்லி 'பிளட் லெட்' பரிசோதனை எடுத்துப் பார்க்கலாம். காரணம் தெரியாத ரத்தசோகை, அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், திடீரென்று படிப்பில் மந்தம், அதீத எரிச்சல் ஆகியவையும் டாக்டரிடம் பேசவேண்டிய அறிகுறிகளே. ஆனால், பெரும்பாலான குழந்தைகளுக்கு எந்த அறிகுறியுமே இருக்காது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் கைத்தூசி கலந்து தவறான கணக்கு வரலாம் என்பதால், அளவு அதிகமாக வந்தால் நரம்பிலிருந்து எடுத்து உறுதிசெய்வார்கள்.

100 மில்லிக்கு 45 மைக்ரோகிராம், அதற்கு மேல் என்றால்தான் காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து பொதுவாகத் தரப்படுகிறது. அதற்குக் கீழே என்றால் வைத்தியம் ஒன்றுதான்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவது. கொத்தமல்லி ஜூஸ் குடித்தால் காரீயம் இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் காலத்தை வீணாக்க வேண்டாம். கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் எல்லாம் இரும்பும் கால்சியமும் வைட்டமின் சி-யும் தந்து, காரீயம் உள்ளே ஏறுவதைக் குறைக்க உதவும். ஏறியதைக் கழுவி எடுக்காது. வெறும் வயிற்றில் காரீயம் அதிகம் ஏறும் என்பதால், பிள்ளையைக் காலை உணவு இல்லாமல் வெளியே அனுப்பாமல் இருப்பதும்கூட ஒரு பாதுகாப்பு.

சரி, அந்தச் சொம்பை என்ன செய்வது? பாட்டி காலத்துச் சொம்பு என்பதாலேயே அது சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எந்தப் பட்டறையில், எதை உருக்கிச் செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? சில தடயங்கள் உண்டு. சுத்த வெள்ளீயத்தின் மெல்லிய தகட்டை வளைத்தால் 'கிறீச்' என்று ஒரு முனகல் சத்தம் கேட்கும். காரீயம் சத்தமின்றி வளையும். வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு போடும். அதே அளவு வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனக்கும். ஆனால், சொம்பை வளைத்துப் பார்க்க முடியாது. கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தக் கைவைத்தியம் எதிலும் சிக்காது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் உலோகப் பரிசோதனைக் கூடம்தான். தங்கத்தின் தரம் பார்க்கப் பயன்படும் எக்ஸ்.ஆர்.எஃப் கருவி, பொருளைச் சேதப்படுத்தாமலேயே அதிலுள்ள உலோகங்களைக் காட்டும். உங்கள் ஊர் மையத்தில் ஈயத்தையும் பார்த்துத் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். பித்தளைக்கு ஈயம் பூசுபவரிடமும் 'சால்டர் வேண்டாம், வெள்ளீயக் கட்டியே போடுங்க' என்று முன்கூட்டியே சொல்லி, கண்ணெதிரே பூசச் சொல்லலாம். சோதித்துப் பார்க்கும்வரை அந்தச் சொம்பு பூஜை அறையிலோ, ஷோகேஸிலோ இருக்கட்டும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், கடையில் கேட்கவேண்டிய கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் போதும்.

"அண்ணே, இது வெள்ளீயம்தானே? காரீயம் கலக்கலைன்னு டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட் இருக்கா? பில்லுல 'வெள்ளீயம்'னு எழுதிக் கொடுத்துடுங்க."